வடக்குத் தோப்பில் கஸ்வான் இழுத்த எல்லை

மேடையில் வீற்றிருக்கும் நகரசபைத் தலைவர் அவர்களே, இமாம் அவர்களே, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கேப்டன் கஸ்வானின் மனைவி சகோதரி ரவ்தா, அவர் மகள் லமா, தல் ஸஃப்ராவின் மக்களே!

அவர் போய் நாற்பது நாளாகிவிட்டது. நான் மாஜித். நம் தீயணைப்பு நிலையத் தலைவர் கேப்டன் கஸ்வான் அல்-ஹம்தூன் அவர்களுக்குப் பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவன். அவர் உட்காரும் பக்கத்து இருக்கையில் இன்றுவரை நான் யாரையும் உட்கார விடவில்லை. எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்ல வரும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று நாடுகள் சேர்ந்து நம் மலைக்குப் பின்னாலிருக்கும் ராணுவ ஆயுதக் கிடங்கை அடிக்கப்போவதாக ஒரு வாரமாகவே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கிடங்கு அதிகாரிகள் கோப்புகளையும் நாற்காலிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே போய்விட்டார்கள். நாம் எங்கே போவது? ஊரை எந்த லாரியில் ஏற்றுவது?

அன்று விடியற்காலையில் ஏவுகணைகள் வந்தன. அவற்றை ஏவிய விமானங்கள் எங்கோ கடலுக்கு மேலேயே இருந்துவிட்டன. நம் மலையை அந்த விமானிகள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஏவுகணைகள் மட்டும் பள்ளத்தாக்கோடு தாழப் பறந்து, மலையின் வளைவுக்கு வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடங்கில் விழுந்தன. பதினொன்றை எண்ணினேன். பன்னிரண்டாவது வழி தவறியது. இறக்கை ஒடிந்து, வெடிக்காமல், ஊருக்கு வடக்கே உம்மு நிதாலின் ஆப்ரிகாட் பழத் தோப்பில் வந்து படுத்துக்கொண்டது.

வரையறுக்கப்பட்ட தாக்குதல் என்று அவர்கள் வானொலி சொன்னது. யார் வரையறுத்தது? எங்கே கோடு போட்டார்கள்? நம் ஊரில் கோடு போட்டவர் ஒருவர்தான்! கயிறு போதாமல், ஓட்டை விழுந்த பழைய தீயணைப்புத் துணிக் குழாய்களை வெட்டி வெட்டி முடிச்சுப் போட்டு, தோப்பைச் சுற்றி முந்நூறு மீட்டர் தள்ளிக் கட்டினார் கேப்டன் கஸ்வான். அதன் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, மத்தே தேநீர்க் குவளையும் கையுமாக உட்கார்ந்தார். வெடிக்காத குண்டுகளை அகற்றும் ராணுவப் பொறியாளர் படைக்கு மூன்று முறை செய்தி அனுப்பினார். வருகிறோம் என்றார்கள். வரவில்லை.

பழம் கனிந்து உதிர்ந்துகொண்டிருந்த நேரம். உம்மு நிதாலுக்கு வருடத்துக்கே அது ஒன்றுதான் விளைச்சல். கூடையோடு வந்து, லமாவின் அப்பாவான கேப்டன் முன்னால் நின்றார்.

“ஏன் அபூ லமா, இது என்ன உங்க வீட்டுப் பொண்ணா? இப்படி வாசல்லயே காவல் கெடக்கிறீங்க!”

“முரட்டுப் பொண்ணு அக்கா. தொட்டா ஊரையே கூட்டிட்டுப் போயிடும்.”

“அப்ப என் பழம்?”

“அழுகட்டும். நீங்க இருக்கணும்.”

உம்மு நிதால் அவரைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் காலை அவருக்கு ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்ததும் அவர்தான். உம்மு நிதால் அம்மா, நீங்கள் அழாதீர்கள்.

ஆறாம் நாள் தலைநகரிலிருந்து ஒரு பேருந்து வந்தது. ராணுவப் பொறியாளர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இறங்கியவர்கள் கேமராக்காரர்கள்! கூடவே ஓர் அதிகாரி. ஏவுகணையை நம் ராணுவம்தான் சுட்டு வீழ்த்தியது என்று உலகத்துக்குக் காட்டவேண்டுமாம். அதைச் சுற்றி ஊர் மக்கள் கொடி பிடித்து நிற்கவேண்டுமாம். அறுபது பேரைக் கூட்டிவிட்டார்கள். இந்த மண்டபத்தில் அந்த அறுபது பேரில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியும். கேப்டன் கோட்டின் மேல் வந்து நின்றார்.

“யாருய்யா நீ?”

“தீயணைப்பு நிலையத் தலைவன்.”

“தள்ளு. அது வெறும் இரும்பு. எங்க ஆளு பாத்தாச்சு.”

“பாத்தவரு யாரு? அவரை என்கூட அது பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஊரை விடுறேன்.”

அந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். ஒருவரும் முன்னே வரவில்லை! கேப்டன் உங்களைப் பார்த்துக் கையசைத்தார். “போங்க, எல்லாரும் அந்தக் கல்சுவருக்குப் பின்னாடி போங்க. படம் அப்புறம் எடுத்துக்கலாம்” என்றார். போனீர்கள். அவர் சொன்னால் நாம் போவோம். எத்தனை தீயில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்!

ஆனால் அவர் இங்கே வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்த அதிகாரியின் சொல்லின்பேரில் தோப்பின் மறுபக்கத்தில் ஒரு டிராக்டர் நுழைந்துவிட்டது. ஏவுகணையின் வாலில் சங்கிலியை மாட்டிச் சாலைக்கு இழுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஓட்டியவர் ஹாதிம். அதோ, இடது காதில் கட்டுடன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஹாதிம், தலையைத் தூக்குங்கள். உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை.

சங்கிலிச் சத்தம் கேட்டதும் கேப்டன் ஓடினார். ஐம்பத்தேழு வயது, வலது முழங்காலில் வலி. நானும் பின்னால் ஓடினேன். “மாஜித், கோட்டைத் தாண்டாதே!” என்று கத்தினார். பத்தொன்பது வருடம் அவர் சொல்லைத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை. அதை நான் என்ன செய்வேன்? சொல்லுங்கள், என்ன செய்வேன்?

பிறகு நடந்ததை ஹாதிம்தான் என்னிடம் சொன்னார். டிராக்டரின் பிரேக் பழையது. சரிவில் அது பின்னும் முன்னும் நகர்ந்து சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓடினால் அது தானாக உருண்டு ஏவுகணையை இழுத்துப் புரட்டிவிடும். கேப்டன் டிராக்டரில் தொற்றி ஏறினார்.

“நீ எறங்கு, ஓடு. திரும்பிப் பாக்காதே.”

“நீங்க?”

“பிரேக்க நான் மிதிச்சுக்கிறேன். நீ அந்த மூணாவது வரப்பத் தாண்டினதும் சத்தம் கொடு. நானும் குதிச்சிடுறேன்.”

ஹாதிம் மூன்றாவது வரப்பைத் தாண்டினார். சத்தம் கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் வெடித்துவிட்டது. அவ்வளவுதான்.

கல்சுவருக்குப் பின்னால் அறுபது பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை.

அன்று மாலை அந்த மூன்று நாடுகளின் செய்தி சொன்னது, பொதுமக்களில் உயிரிழப்பு இல்லை என்று. நம் செய்தியும் அதையேதான் சொன்னது. சண்டை போட்டவர்கள் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்!

போன வாரம் சகோதரி ரவ்தாவின் வீட்டுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இறப்புச் சான்றிதழ். காரணம் என்ற இடத்தில், பணியில் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. கொண்டுவந்தவர், “கையெழுத்து போட்டுடுங்கம்மா, வேலை முடிஞ்சிடும்” என்றார். சகோதரி அவரிடம் சொன்னதை நான் கேட்டேன். “கேஸ் அடுப்ப மூணு தடவ பாத்துட்டுத்தான் தூங்குவாரு. அவருக்கா கவனக்குறைவு? எடுத்துட்டுப் போங்க!”

செயலாளர் அவர்களே, நான் உங்களுக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறேன். இதைப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேப்டனின் வேலை நிற்காது. கிடங்குச் சரிவில் வெடிக்காத துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. நாளைக் காலை ஆறு மணிக்கு நிலையத்திலிருந்து புறப்பட்டுச் சுற்றிலும் முளையடித்துக் கயிறு கட்டப்போகிறோம். கை கொடுக்க நினைப்பவர்கள் வாருங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதன்மேல் ஒரு தாள் இருக்கிறது. கஸ்வான் அல்-ஹம்தூன் எப்படி இறந்தார் என்று, பார்த்தது பார்த்தபடி அதில் எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. யாரையும் நான் வற்புறுத்தவில்லை. குடும்பம் இருக்கிறது, பயம் இருக்கிறது, புரிகிறது.

முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் நான் மேடை ஏறினேன். இரண்டாவது கையெழுத்து ஹாதிமுடையது.