கருப்படிக்காத வட்டம்

உன் ஆராய்ச்சிக்கு எங்க வம்சப் படம் போடறியே, அதுல அந்தக் கட்டத்தையும் கருப்படிச்சுக்கோமா. அது எங்க தாத்தா. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், நெஞ்சுல கோளாறு இருந்தா கருப்புன்னு தானே சொன்ன? காலையில எழுப்பப் போனா ஆளு இல்ல. கொடுத்து வச்ச சாவு, ஒரு நாள் படுக்கையில கெடக்கலன்னு ஊரே பொறாமப்பட்டுச்சு. அடுத்தது எங்கப்பா குமாரசாமி. பஸ் ஸ்டாண்டுல டீ கிளாஸ் கையில இருக்கும்போதே சாஞ்சுட்டாரு. அதுக்கும் அதே பேச்சு தான். தூ! ஏன் செத்தாருன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? மோளம் அடிச்சு, பட்டாசு வெடிச்சு அனுப்பிட்டு வந்தோம்.

புரியுது, புரியுது. பட்டுக்கடையில பொடவ விரிச்சுக் காட்டறவ தான், அதுக்குன்னு மண்டையில களிமண்ணு இல்ல. நெஞ்சு துடிக்க உள்ள கரண்டு ஓடுது. அதுக்கு ரத்தத்துல இருக்கற உப்பு ஒரு வாசல் வழியா நெஞ்சுத் தசைக்குள்ள போவணும். அந்த வாசல் எங்க குடும்பத்துல பொறப்புலயே சரியா தொறக்கறதில்ல. என் ரிப்போர்ட்லயும் அதானே இருக்குது? எனக்கு பேஸ்மேக்கர் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னாது, ஜீனையே சரி பண்ற மருந்தா? இப்ப எலிக்குப் போட்டுப் பாத்துக்கினு இருக்காங்களா? எலிக்கு இருக்கற கொடுப்பினை எங்க அண்ணனுக்கு இல்ல பாரு.

இந்தக் கட்டம் தான் அவன். விக்ரம். ரெண்டு வாட்டி மயங்கி விழுந்தான். பித்தம்னு எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தோம். மூணாவது வாட்டி எழுந்திருக்கல. முப்பத்தோரு வயசு. அவனப் போயி கொடுத்து வச்சவன்னு சொல்ல முடியுமா? பழிய யார் தலையிலயாவது போட்டாவணுமே. அண்ணி இருந்தா, ஏனாத்தூர்ல இருந்து வந்தவ. காரியத்தன்னிக்கு, சனம் மொத்தமும் கூடியிருக்கும்போது, இவ கால் வச்ச நேரம் தான் எங்க வீட்டு ஆம்பளைய முழுங்கிடுச்சுன்னு ஒரு வாய் சொல்லிச்சு. அவ கால் வைக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா போயிட்டாரு, தாத்தா போயிட்டாரு. அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. அண்ணி கொழந்தையத் தூக்கினா, போயிட்டா.

இல்லமா, அண்ணிக்கு எதுக்கு டெஸ்ட்? அவ ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. வெனை எல்லாம் எங்க ரத்தத்துல தான். அண்ணனுக்குக் கீழ ஒரு வட்டம் போடு. சுகாசினி. வர்ற தைக்கு அஞ்சு வயசு. ஐயோ, கருப்படிக்காதமா, வெள்ளையா விடு! மொதல்ல ஈசிஜி எடுத்துப் பாக்கலாம்னு தானே சொன்ன? போன வாரம் ஸ்கூல் பிரேயர்ல மயங்கி விழுந்துச்சாம். ஏனாத்தூர்ல இருந்து எங்க கடைக்கு வேலைக்கு வர்ற பொண்ணு சொன்னா. வெயிலுன்னு சொல்லி குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். 

அண்ணி நம்பர் இருக்குது, எழுதிக்கோ. என் போன்ல இருந்து பண்ணா போகாது, பிளாக் பண்ணி வச்சிருக்கா. நீ உன் போன்ல பண்ணு. ஆராய்ச்சிக்காரங்க பேசறோம், உங்க பொண்ணுக்கு ஒரே ஒரு ஈசிஜி, காசு வேணாம்னு சொல்லு. பிரவீனா தான் நம்பர் குடுத்தான்னு மட்டும் வாயத் தொறந்துடாத, கட் பண்ணிடுவா. அன்னிக்கு அவளச் சொன்ன வாய் இந்த வாய் தான்மா.