தொட்டி காலி

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். பால் கொஞ்சம் அதிகமாக விட்டிருப்பேன். இந்த வீட்டில் டீ போடுகிறவன் நான் ஒருவன்தான். எனக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படியே எல்லாருக்கும் போட்டுவிடுகிறேன்.

உங்களை வாசலில் மறித்து உள்ளே கூப்பிட்டதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் முற்றத்தைக் கடந்து நேரே உங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கலாம். அதோ, அந்தப் பச்சைக் கதவுதான். "எங்கப்பா சாகறப்ப ஒரு வார்த்த பேசாத பொம்பளய ஒரு தடவ நேர்ல பாக்கணும்" என்று சொன்னீர்களே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு நீங்கள் ப்ரீடாவிடம் போகக் கூடாது என்று தோன்றியது. உங்கள் கோபத்தில் தப்பில்லை, ஓர்லா. அது போய்ச் சேரவேண்டிய ஆள் அவள் இல்லை.

பந்தயக் குதிரை என்றால் வெளியே இருக்கிறவர்கள் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்களுக்குச் சாப்பாடுதான் எல்லாம். விடிந்ததும் தலைமை லாயக்காரர் வில்ஃப் ஒவ்வொரு கொட்டடியாகப் போய்த் தீனித்தொட்டிக்குள் கைவிட்டுப் பார்ப்பார். ஓட்ஸ் மிச்சமிருந்தால் அந்தக் குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். மிச்சமில்லாவிட்டால் முற்றத்தின் குறுக்கே என்னைப் பார்த்து, "தொட்டி காலி, முதலாளி" என்று குரல் கொடுப்பார். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை, சீசன் முழுக்க, நான் அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் கண் விழிப்பேன். அந்த மாதங்களில் இங்கே யாரும் ஊருக்குப் போவதில்லை. கல்யாணத்தைக்கூட டிசம்பருக்குத் தள்ளி வைப்பார்கள். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. இந்த மிடில்ஹாம் ஊரில் எல்லா லாயத்திலும் அப்படித்தான்.

உங்கள் அப்பா இறந்த அந்தக் கோடையில் மழையே இல்லை. நாங்கள் குதிரை ஓட்டிப் பழக்கும் மேட்டுப் புல்வெளி கல்லாக இறுகிக் கிடந்தது. என்னிடம் லாப்விங் என்று மூன்று வயதுப் பெண்குதிரை ஒன்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று என் லாயத்தில் நின்றதில்லை. ஓட விட்டால் காற்று. ஆனால் பயந்த பிராணி. வாளி உருண்டால் நடுங்கும், புது ஆள் வந்தால் வியர்க்கும், தீனியை அப்படியே விட்டுவிடும். உங்கள் அத்தை கையால் வைத்தால் மட்டும் சாப்பிடும். ப்ரீடா தொட்டியின் பக்கத்தில் வைக்கோல்மேல் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவாள் என்று ஒருமுறை கேட்டேன். "ஊர்ல யார் யார் மாட்ட யார் யார் திருடினாங்கன்னு சொல்றேன் முதலாளி. அதுக்கு ரொம்பப் பிடிக்குது" என்றாள்.

ஜூலையில் ஒரு நாள் அவள் பல் பிடுங்கிக்கொள்ளப் போனாள். வில்ஃப் அவளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அவளுடைய ஸ்கார்ஃபைத் தலையில் கட்டிக்கொண்டு, வாளியோடு உள்ளே போனார். லாப்விங் அவர் தோளைக் கடித்து வெளியே அனுப்பியது. ப்ரீடா கன்னம் வீங்கித் திரும்பி வந்தவள், வலியோடு வலியாக, "வேஷம் கட்டினா ஆச்சா வில்ஃப் அண்ணே? மொதல்ல அந்த மீசைய எடு. குதிரைக்கும் ஒரு மரியாதை வேணாமா?" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. விலா எலும்பு தெரிந்தது. அன்று நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். ப்ரீடா ஒரு நாள் இல்லாவிட்டால் லாப்விங் இல்லை. லாப்விங் ஆகஸ்டில் யார்க்கில் ஓடாவிட்டால் அதன் சொந்தக்காரர் என்னிடம் பழக்க விட்டிருந்த தன் குதிரைகள் எல்லாவற்றையும் தெற்கே வேறு லாயத்துக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் போனால் லாயத்தைப் பூட்டவேண்டியதுதான். வில்ஃபுக்கு அப்போது அறுபது வயது. வேறு எங்கே போவார்? இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மண்டைக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் அம்மா முதலில் கூப்பிட்டது யார்க் பந்தயத்துக்கு முந்தின வாரம். லாயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே தொலைபேசி, இந்த மேசைமேல் இருப்பதுதான். மத்தியானம், எல்லோரும் படுத்திருக்கிற நேரம்.

"நான் டோனலோட சம்சாரம் அசம்ப்டா பேசறேங்க, அயர்லாந்துல க்ளேர்லேர்ந்து. ப்ரீடாகிட்ட ஒரு சேதி சொல்லணும். அவருக்கு நெஞ்சுல வியாதி, ரொம்ப முடியல. தங்கச்சியப் பாக்கணும்னு கேக்கறாரு."

அதன் பொருள் எனக்குத் தெரியும். உங்கள் தாத்தாவை அடக்கம் செய்த அன்று உங்கள் அப்பா ப்ரீடாவைக் குழி அருகே நிற்க விடவில்லை. கல்யாணமானவனோடு இங்கிலாந்துக்கு ஓடிப்போனவளுக்கு இங்கே இடமில்லை என்று ஊர் முன்னால் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் அவளை லிவர்பூலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அது வேறு கதை. ப்ரீடா எதையும் சொல்லிப் புலம்புகிறவள் இல்லை. ஒரு கிறிஸ்மஸ் அன்று மட்டும், இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு, "டோனல் ஒரே ஒரு தடவ வான்னு சொல்லட்டும் முதலாளி. நடந்தே போயிடுவேன். நடுவுல கடல் இருக்கறதுகூட எனக்கு ஞாபகம் வராது" என்றாள்.

அந்த 'வா'தான் வந்திருந்தது.

"சொல்றேம்மா" என்றேன். அப்போது சொல்லத்தான் நினைத்தேன். நேரே கொட்டடிக்குப் போனேன். மத்தியானம் தூங்காமல் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். லாப்விங் தொட்டிக்குள் மூக்கை விட்டு மென்றுகொண்டிருந்தது.

"என்ன முதலாளி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஆள் யாராச்சும் வேலைய விட்டுட்டு ஓடிட்டாங்களா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுதா?"

"சாப்பிடுது. நீங்க நின்னீங்கன்னா நிறுத்திடும். போங்க போங்க."

போய்விட்டேன். அவளேதான் போகச் சொன்னாள்.

சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு காலையில். காலையில் வில்ஃப் "தொட்டி காலி" என்றார். இரண்டு நாள் கழித்து உங்கள் அம்மா மறுபடியும் கூப்பிட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"யோசிக்கிறா."

 "யோசிக்கிறாளா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரலில் பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, வெறுப்பு ஏறிய மாதிரியும் இருந்தது. நான் அதற்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். பந்தயம் முடிந்த அன்றே அவளைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிடலாம். நோயாளி கொஞ்ச நாள் தாங்குவார். நெஞ்சு நோய்க்காரர்கள் இழுத்துக்கொண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் உங்கள் அப்பாவே பேசினார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"ப்ரீடா இருக்காளா? வர வேணாம்னு சொல்லுங்க. பேசினாப் போதும்."

இந்த ஜன்னல் வழியாக அவள் எனக்குத் தெரிந்தாள். குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைத் தட்டினால் போதும், திரும்பிப் பார்த்திருப்பாள். அவர் குரலைக் கேட்டால் அன்று ராத்திரியே கிளம்பிவிடுவாள் என்றும் எனக்குத் தெரியும்.

"இங்கதான் நிக்கிறா. பேச மாட்டேங்கிறா" என்றேன்.

நான் சொன்னது அதுதான். வேறு யாரும் சொல்லவில்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொன்ன கதை அங்கிருந்துதான் வந்தது.

"அப்ப ஃபோன அவ காதுல வைங்க. கேட்டாப் போதும்" என்றார்.

'கேட்கமாட்டேன் என்கிறாள்' என்றும் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு மனது வரவில்லை. அதனால் ஃபோனை என் காதிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் பேசினார். "ப்ரீடா, அன்னிக்கு உன்ன நிக்க விடல நானு. அது தப்பு. ஆனா அதவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. அப்பா கடைசியா உன் பேரச் சொல்லித்தான் கேட்டாரு. அவள எப்படியாவது வரச்சொல்லுடான்னாரு. நான் ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பல. மேய்ச்சல் நிலத்துல பங்கு கேப்பியோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லல, அசம்ப்டாகிட்டகூட. அதுதான் உள்ள இருந்து என்னத் தின்னுது."

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "இருக்கியா?" என்றார்.

யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நான் கொஞ்சம் பலமாக மூச்சு விட்டேன். கருணையாகத்தான் செய்தேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஒரு காற்று. "கோவமா மூச்சு விடறே. சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான் விடுவே. நீதான். சரி, விடு. மன்னிச்சேன்னு சொல்ல வேணாம். நீ கேட்டுட்ட, எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகும் அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. முற்றத்தில் ப்ரீடா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். 

தன் தகப்பனின் கடைசிச் சொல்லை மறைத்த ஒரு மனிதர் அதனால் வெந்து செத்துக்கொண்டிருப்பதை நான் என் காதால் கேட்டேன். அதன் பிறகும் எழுந்து போய் ஜன்னலைத் தட்டவில்லை. இந்தப் பதினான்கு வருஷத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்த்தது அதைத்தான். தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இல்லை. தட்டவேண்டும் என்றே தோன்றவில்லையே, அதை.

மறுநாள் லாப்விங் ஒரு கழுத்து நீளம் முந்தி ஜெயித்தது. அன்று விடியற்காலையிலேயே உங்கள் அம்மா கூப்பிட்டு, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, லாப்விங் தீனியை முடிக்கும்வரை காத்திருந்து, ப்ரீடாவிடம் சொன்னேன், சேதி இப்போதுதான் வந்தது என்று. அவள் அழவில்லை. "என்னக் கேட்டானா?" என்றாள். "அதப்பத்தி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

நானே கப்பல்வரை காரில் கொண்டுபோய் விட்டேன். சாப்பிட சாண்ட்விச் கட்டிக்கொடுத்தேன். அதற்கு அவள் இன்றைக்கும் எனக்கு நன்றி சொல்கிறாள்.

கல்லறைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆறு வயது இருக்கும் உங்களுக்கு. சுவருக்கு வெளியே சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண் நின்றது ஞாபகமிருக்கலாம். உங்கள் அம்மா அவளைக் கேட்டுக்குள் விடவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. செத்துக்கொண்டிருந்தவர் கெஞ்சியும் வாய் திறக்காதவள் என்றுதானே அவருக்குத் தெரியும்.

ப்ரீடா திரும்பி வந்து, பெட்டியைக்கூட வைக்காமல் இந்தச் சமையலறை வாசலில் நின்றாள்.

"உள்ள விடல முதலாளி. சாகற வரைக்கும் அவன் மனசு எறங்கல போலிருக்கு. அவன் சொல்லாம அவ கேட்டுக் கதவச் சாத்துவாளா?"

அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

"சரி. இனிமே அங்க எனக்கு யாருமில்ல. இதான் ஊரு." பிறகு, "குதிர சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவள் எங்கும் போகமாட்டாள் என்று. அந்த அண்ணன் அவளிடம் சொன்னதையெல்லாம் நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். அப்பா கடைசியாகத் தன் பேரைத்தான் சொன்னார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறாள். தன்னை வேண்டாம் என்று சொன்ன இரண்டு ஆண்களுக்காக என்று நினைத்துக்கொண்டு.

லாப்விங்கை அந்த இலையுதிர்காலத்திலேயே அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். சொந்தக்காரர் எப்படியும் தெற்கேதான் போனார். லாயம் மூடவில்லை. எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல நீங்கள் வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. இப்போது இறக்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு இருந்த மனிதன் இல்லை நான். அவளுக்கு எல்லாம் தெரியவேண்டும். உங்கள் வாயாலேயே தெரியட்டும், அதுதான் முறை. உங்களை அந்தப் பச்சைக் கதவுவரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒன்றே ஒன்று. சனிக்கிழமை ரிப்பன் ஊர்ப் பந்தயத்தில் ஒரு குட்டி ஓடுகிறது. இரண்டு வயது, லாப்விங் மாதிரியே கூச்சம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வாய் வைக்கிறது. இப்போது அவள் மனது கலங்கினால் அது உடனே தெரிந்துகொள்ளும். நீங்கள் யார்க்கில் தங்கி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இத்தனை வருஷம் பொறுத்தவள், ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாளா?

அதோ, வாளியோடு வெளியே வருகிறாள். உங்களுக்கு உங்கள் அப்பா ஜாடை இருக்கும், அவள் பார்த்தால் உடனே கண்டுகொள்வாள். ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.