எதிராளியாகப் பேசச் சொன்னவர்

மேடையில் இருக்கும் வக்கீல் சங்கத் தலைவர் அவர்களே, ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்கும் என் கிடங்குத் தோழர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம். எழுதி வைத்துப் படிக்க எனக்குத் தெரியாது. நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன்.

நம் வக்கீல் ஐயா யார்? கம்பெனிக்கும் கம்பெனிக்கும் சண்டை வந்தால் தேடிப் போகிற வக்கீல். வந்த சரக்கு பேசிய சரக்கு இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டான் என்று பெரிய முதலாளிகள் அவர் அறை வாசலில் காத்துக் கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் எங்கே இருந்தார்? கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நம் தொழிலாளர் சங்கக் கொட்டகையில். சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, வாடகை வீட்டுக்காரர் தொல்லை, விபத்து, பங்காளிச் சண்டை என்று வந்ததையெல்லாம் காசு வாங்காமல் கேட்டார்.

ஆனால் ஒரு பழக்கம். நம் கதை முடிந்ததும், “சரி, இப்ப நீங்கதான் எதிராளி. அவரு பக்கத்தைச் சொல்லுங்க” என்பார். சொல்லாதவரை வழக்கைத் தொட மாட்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேர்! எதிராளியாகப் பேசிப் பார்த்து, வழக்கே வேண்டாம் என்று சமாதானமாகப் போனவர்கள் எத்தனை பேர்!

போன வருஷம் கிடங்குக் கம்பெனி நம் கொட்டகையையே இடிக்க வழக்குப் போட்டது. “அண்ணே, நீங்கதான் மேனேஜர்” என்று ஐயா என்னை நிறுத்தினார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “லாரி திரும்ப இடமில்ல. சரக்கெல்லாம் மழையில நனையுது. இவங்க சீட்டாடறதுக்கா நாங்க கிடங்கு வச்சிருக்கோம்?” என்று விளாசினேன். நான் முடித்ததும் நம் செயலாளர் மெதுவாக எழுந்து, “அவரு சொல்றதும் நியாயந்தானே, காலி பண்ணிக் குடுத்துரலாமா?” என்றார். ஒருவர் பாயைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார். என் சம்பந்தி, “கம்பெனி பக்கம் போயிட்டீங்களா?” என்று கேட்டவர்தான், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐயா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “லாரி திரும்புற இடம். அங்கதான் அடிப்பாங்க. நாம அங்க தயாரா நிக்கணும்.”

அதன்பின் அவரே நோயில் படுத்துவிட்டார். தீர்ப்பு முந்துமா, அவர் முந்துவாரா? இது ஒன்றுதான் நம் கவலை.

வழக்கை நடத்தியது அவருடைய ஜூனியர், அவர் அக்கா மகள். கோர்ட்டு அனுப்பிய அதிகாரியின் கண்முன்னே, இருப்பதிலேயே பெரிய லாரியைக் கொண்டுவரச் சொன்னார். அது கொட்டகையை உரசாமல் தாராளமாகத் திரும்பியது. கொட்டகை நிற்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

அதைச் சொல்ல ஜூனியர் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ஐயா கண்ணைத் திறக்காமலே, “அப்பீல்ல என்ன சொல்வாங்க?” என்றார்.

“அப்பீல் போகலையாம் மாமா. எழுதியே குடுத்துட்டாங்க.”

“எழுதிக் குடுத்துட்டாங்களா? அப்ப அந்த ஜன்னலைத் திறம்மா, காத்து வரட்டும்.”

அன்றைக்குத்தான் மனுஷர் அசந்து தூங்கினார் என்று அம்மா சொன்னார்கள். அதன்பிறகு கடைசிவரை வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

அழத்தான் வந்தேன். ஆனால் மனசு லேசாக இருக்கிறது. முந்தியது தீர்ப்பு.

இனி ஞாயிறுதோறும் ஜூனியர் அம்மா நம் கொட்டகையில் உட்காருவார். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைப்பது எங்கள் பொறுப்பு. ஒரு ஞாயிறும் தவறாது, இது சங்கத்தின் வாக்கு. ஐயா, நிம்மதியாகப் போய் வாருங்கள். இந்தக் கூட்டம் கலைந்ததும் நாங்கள் கொட்டகைக்குத்தான் போகிறோம்.