அதே குழி

காந்திபுரத்தில் ஏறிய சரவணம்பட்டி டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் பக்கத்திலிருந்த தன் மாமாவிடம் பெருமையாகச் சொன்னாள்:

“எங்க சுற்றுச்சூழல் மன்றத்துல மரம் நடறதையே நிறுத்திப்போட்டோமுங்க மாமா. நாந்தான் நிறுத்தினேன்.”

“ஏங் கண்ணு, உனக்கென்ன கிறுக்கா?”

“மொத வருசம் நானும் நட்டாப் போதும்னுதான் நெனைச்சேனுங்க. அடுத்த வருசம், நான் நட்ட அதே குழியிலயே மறுபடி நடச் சொன்னாங்க. பழைய செடி செத்துப்போச்சாம்.”

“குழிதான் வருசா வருசம் வளருதாட்ட இருக்குது.”

“அதானுங்க! ரெண்டாவதா வெச்ச புங்கனுக்கு, கேன்டீன்ல காய் கழுவுன தண்ணிய தெனமும் நானே ஊத்தினேன். இந்த வருசம் புதுச் செடியே வேண்டாம், இருக்கறதக் காப்பாத்துவோம்னு சொல்லிப்போட்டேன்.”

“பிரின்ஸ்பால் உட்டாரா?”

“போட்டோவுக்குச் செடி வேணுமேன்னு சத்தம் போட்டாருங்க. அந்தப் புங்கனுக்குப் பின்னால நிக்க வெச்சே எடுத்துப்போட்டோம்.”

போனை நீட்டினாள். மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுல அவரு எங்க கண்ணு?”

“தெரிய மாட்டாருங்க மாமா. மரம் மறைச்சுப்போட்டுதுங்க!”