புகைக்குழாயில் ஒரு கூடு

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவன் வீட்டில் சுத்தமான நாற்காலி ஒன்றுகூட இருக்காது, ஐயா. எங்கே உட்கார்ந்தாலும் தினை உமியும் இறகும்தான். எனக்குப் பழகிவிட்டது. அண்ணனுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் தங்கமான மனிதர். வேலை போய் நான் வீட்டோடு கிடந்தபோதும் முகம் சுளிக்காமல் சோறு போட்டவர். ஆனால் அவருடைய இருமல் நின்றபாடில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பறவைத் தூசிதான் காரணம் என்றார். "ஒண்ணு அதுங்க போகணும், இல்ல நீங்க போகணும்" என்று சிரித்தார். தினமும் வெந்நீரில் குளிக்கவும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பறவைக் கடைக்காரர் வந்து எல்லாத்தையும் எடுத்துக்குவாருடா. மனசுல எதுவும் வச்சுக்காத" என்றார் அண்ணன். கடைக்காரர் ஜோடிகளை மட்டும்தான் எடுப்பார். முட்டையிட வைத்த பெட்டியில் கண் திறக்காத குஞ்சுகள் இருந்தன. சொன்னேன். "குஞ்சுதானேடா" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைப் பக்கம் தொங்கிய கூண்டில் நீல ஆண் குருவி குச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்தது. அண்ணனும் தலைவலி என்று சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். காற்று கெட்டால் முதலில் விழுவது பறவைதான். வளர்ப்பவர்களுக்கு இது பாலபாடம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பல மாதம் போடாமல் கிடந்து அன்றுதான் போட்ட கேஸ் கெய்சரின் புகைக்குழாயில் ஏதோ ஊர்க்குருவி வைக்கோலை அடைத்துக் கூடு கட்டியிருந்தது. உள்ளே முட்டைகள். கலைக்க எனக்குக் கை வரவில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கூண்டுகளை ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "இப்பவே ஒதுக்கி வச்சிட்டியா? என் தம்பிடா நீ" என்று தோளில் தட்டினார்.

சனிக்கிழமை அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் இருமி இருமிச் சுருண்டு கிடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"சுடச்சுட ஊத்திக் குளிங்கண்ணே, சளி இறங்கும். அவசரப்படாதீங்க" என்றேன். காற்றுப் பட்டால் ஆகாது என்று குளியலறை ஜன்னலை நானே சாத்தினேன். சந்தில் பழைய துணியையும் செருகினேன். நான் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

மாடியில் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நடுவில் கதவு தட்டப்படுவது போலிருந்தது. சத்தத்துக்குக் குஞ்சுகள் மிரண்டுவிடும். கூண்டின்மேல் துணியை இழுத்துப் போட்டேன்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு கதறியபோதும் எனக்குக் கண் கலங்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று தெருவே பேசியது. அது உண்மையில்லை. உங்கள் காவலர் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு, கூட்டிலிருந்த முட்டைகளெல்லாம் சூட்டில் வெந்து போயிருக்கின்றன என்று சொன்னபோது, குலுங்கிக் குலுங்கி அழுதேன்.