வாரம் ஒரு திருப்பு

காரின் முகப்பு விளக்கைச் சரிபார்க்க ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியதில்லை ஐயா. சமதரை, வெள்ளையடித்த சுவர், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுமட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதற்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும்வரை திருகைத் திருப்பினால் சரி. ஓட்டுகிறவர் சீட்டில் இருக்க வேண்டும், ஆள் பாரத்தில் வண்டி கொஞ்சம் தாழும். கும்மிடிப்பூண்டியில் ஒரு வண்டிக் கம்பெனியில் பதினாறு வருடம் இதுதான் என் வேலை. இந்த ஷஃபியுல்லா பார்த்த விளக்கில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பழவேற்காட்டு வீட்டில் நானும் என் மகள் நஜ்மாவும்தான். அவள் தாய் மவுத்தாகி நாலு வருடம். நஜ்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபாக்டரி லேபில் வேலை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து அவளே கார் ஓட்டி வருவாள். அவள் வந்து சேரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். வேலையை விடச் சொன்னேன். சிரித்தாள்.

“நான் இன்னா சின்னப் புள்ளையா வாப்பா? ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றது?”

பெண் பிள்ளையைத் திட்டி, அடித்து முடக்கிவைக்கிற ஆள் இல்லை நான். அவளாகவே விட்டால் நல்லது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் சாயங்கால மஃரிப் தொழுதுவிட்டு வந்து போனட்டைத் திறப்பேன். நஜ்மாதான் சீட்டில் உட்கார்ந்து விளக்கைப் போடுவாள். வாரம் ஒரு திருப்பு. வெளிச்சத்தை ஒரேயடியாக இறக்கினால் தெரிந்துபோகும். மெல்ல இறக்கினால் கோளாறு விளக்கில் என்று யாருக்கும் தோன்றாது.

“இன்னா வாப்பா, சரியா கீதா?”

“சரியா கீதும்மா.”

ஆறாவது வாரம் வெளிச்சம் சுவரில் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. அதில் முப்பத்தைந்து அடிக்கு மேல் ரோடு தெரியாது. ஹைபீமும் கூடவே இறங்கிவிடும்.

அதற்குள், இருட்டினால் கண் மங்குகிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்திருந்தாள். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். “உங்க உம்மாவுக்கும் அப்டித்தாம்மா இருந்திச்சி” என்றேன் நான். அவள் தாய்க்குக் கடைசிவரை கண் நன்றாகத் தெரிந்தது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடுவதாக நஜ்மா சொன்ன அன்று வயிறாரச் சாப்பிட்டேன். திருகை ஏற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மாலை, பொன்னேரி ரோட்டில் அவளுக்கு முன்னால் ரங்கசாமி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஏரியில் மீன் பிடிக்கிறவர். மற்றதை எஃப்.ஐ.ஆரில் நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலையில், விபத்து வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வருமுன், கார் நின்ற இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றாவிட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்றேன். உங்கள் காவலர் போனட்டைத் தூக்கிப் பிடித்தார், அவர் மேல் குற்றமில்லை. திருகைப் பழையபடி ஏற்றினேன், பக்கத்துக்கு ஆறு திருப்பு. அதற்குச் சுவர்கூடத் தேவைப்படவில்லை. விளக்கு சரி, பிரேக் சரி, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்தார்.

நேற்று ரங்கசாமியின் சம்சாரம் எல்லம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. நஜ்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“லைட்டு போட்டுக்கினுதானே வந்தே கண்ணு?”

“போட்டிருந்தேம்மா. லைட்டு மேல தப்பு இல்ல, எங்க வாப்பா வாரா வாரம் பாத்து செட் பண்ணுவாரு. எங்கண்ணுதான் அவிஞ்சி பூடுச்சி.”

எல்லம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். இருவரும் அழுதார்கள். நான் டீ போடப் போனேன். சர்க்கரையெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை ஐயா.

ரங்கசாமியைக் கொன்றது நான். என் மகள் இல்லை. அவள் பேரை வழக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கு விஷயம் நஜ்மாவுக்குத் தெரிய வேண்டாம். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பொழுது சாயும் முன்னே அவளே கதவைச் சாத்திவிடுகிறாள். பிள்ளை இப்போதுதான் வீட்டில் இருக்கப் பழகியிருக்கிறாள்.