நாலுக்கு நடுவுல ஒண்ணு

— ஏ சாராள், மெதுவா! ஜீப்பை விட்டுக் குதிச்சவ, படியேறாமப் பறந்து வர்றியே!

— படம் காஞ்சிருச்சாண்ணே? ரெண்டையும் வெரசா கொண்டா. ரயிலு கெளம்பப் போகுது.

— ரயிலா? மலையில டெலஸ்கோப்புச் சோலியை விட்டுட்டு மதுரைக்கா போறே?

— நான் போகல. எங்க ஆராய்ச்சிக்கூட டைரக்டரு போறாரு. போடி ஸ்டேஷன்ல பொட்டியோட உக்காந்திருக்காரு. அவரு ஏறுறதுக்குள்ள இந்த ரெண்டு படத்தையும் அவரு கண்ணுல காட்டியாகணும்.

— மொதல்ல மூச்சு விடு, தாயி. லாரிக்கார வெள்ளைத்துரை காலையிலயே ஏலக்கா லோடோட உன் பிலிமைக் கொண்டாந்து குடுத்துட்டான். ரெண்டும் பாயாசம் மாதிரி மணக்குது. கல்யாணப் படம் போட்டுப் போட்டுத் தேஞ்ச கை இது. வானத்தைப் பெருசு பண்றது இதான் மொதத் தடவை. அப்படி என்னதான் இருக்கு அதுல?

— குவாசர்ண்ணே, குவாசர்! பாத்தா நட்சத்திரம் மாதிரி ஒத்தப் புள்ளி. ஆனா கோடிக்கணக்கான நட்சத்திரத்தை ஒண்ணாக் கொளுத்துன மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சம் அங்கேர்ந்து கெளம்புனப்ப இந்த மலை கெடையாது, பூமியே கெடையாது. அத்தனை காலமும் வந்துக்கிட்டே இருந்து, குரங்கணிக்கு மேல, படம் புடிக்க நாங்க டெலஸ்கோப்புல மாட்டுற கண்ணாடித் தகட்டுல வந்து விழுந்திருக்கு!

— அட கர்த்தரே! நம்ம குரங்கணி பஸ்சு போடி வந்து சேரவே படாதபாடு படுது. இது அவ்வளவு தூரத்துல இருந்து வழி தப்பாம வந்திருக்கே!

— கிண்டல் பண்ணாதண்ணே. டைரக்டரு அது தூசிங்கிறாரு.

— தூசியா?

— போன வருசத் தகட்டுல நான்தான் கண்டுபிடிச்சேன். நாலு பெரிய நட்சத்திரம், நடுவுல மங்கலா ஒரு புள்ளி. "ஒரு தகட்டுல மட்டும் இருந்தா தூசிம்மா. இந்த வருசம் அதே வானத்தை எடுத்த தகட்டுலயும் இருந்தா, அது நெசம். பெரிய டெலஸ்கோப்பை உனக்கே ஒதுக்கித் தர்றேன்"னுட்டாரு. இன்னைக்கு அவரு முடிவு பண்ணலைன்னா வேற ஆளுக்குப் போயிரும்.

— இந்த வருசத்துல இருக்கா?

— இன்னும் பாக்கவேயில்லண்ணே! தகட்டைப் பொட்டியில பூட்டிட்டாங்க. அந்தத் துண்டை மட்டும் பிலிம்ல காப்பி எடுத்து உறையில போட்டுக் குடுத்தாங்க. பிரிக்காம அப்படியே அனுப்பிட்டேன்.

— அப்ப இந்தா. இதுதான் இந்த வருசத்தது.

— ஜன்னலைத் தொற. இன்னும் நல்லாத் தொற... இதோ நாலு நட்சத்திரம். இதுல ஓரமா நிக்குது. நடுவுல...

— நடுவுல?

— ஒண்ணுமில்லண்ணே. வெறும் இருட்டு.

— நல்லாப் பாரு, தாயி.

— பாத்துட்டேன். அவரு சொன்னதுதான் சரி. ஒரு வருசமா நான் ஒரு தூசியை நெனச்சுத் தூங்காம கெடந்திருக்கேன்.

— ஏ கழுத, அழாத. மூஞ்சியைத் தொடச்சுக்க. இந்தா, பழசையாவது பாத்துக்க. பளிங்கு மாதிரி வந்திருக்கு.

— குடு. கடைசியா ஒருதரம்... அண்ணே! இதுலயும் காணோமே!

— எதை?

— புள்ளியை! இதுல நான் என் கண்ணால பாத்தேனே! எங்க போச்சு?

— அந்த மங்குன அழுக்கா? அதை எடுத்துட்டேன்ல.

— எடுத்துட்டியா!

— பின்ன? பெத்துராஜ் ஸ்டுடியோவுல இருந்து அழுக்கோட ஒரு படம் வெளிய போயிருக்கா? சிலமலை பொன்னுமணிக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு. படத்துல ஒண்ணு மிச்சமில்லாம எடுத்துக் குடுத்தேன். கல்யாணத்தன்னைக்கு மாப்ளே வீட்டுக்காரன், பொண்ணு மாறிப்போச்சுன்னு மல்லுக்கு வந்துட்டான். அப்பேர்ப்பட்ட கை இது!

— பாவி மனுசா! வானத்துக்கு எதுக்குண்ணே அலங்காரம்? அந்த நாலை மட்டும் ஏன் விட்டு வச்சே?

— அது உருண்டையா, லட்சணமா இருந்துச்சு. இது சோப்ளாங்கி மாதிரி மங்கிக் கெடந்துச்சு.

— ஐயோ, ரயிலு ஊதுது! இப்ப அவருகிட்ட நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுவேன்?

— கத்தாத. பிலிம்ல கை வைக்கல. படத்து மேல தொட்ட மைதான். ஈரப் பஞ்சை வச்சு ஒத்துனா வந்துரும். உனக்கென்ன, கத்திட்டுப் போயிருவே. ரெட்ட வேல பாத்தவன் நானு! லென்சைத் தொடச்சேன், பிலிமை ஊதுனேன், ரெண்டு படத்துலயும் போகமாட்டேன்னுருச்சு. புதுப் படத்துல அந்த நாலும் ஓரத்துக்குப் போயிருச்சே, இனி தொல்லை விட்டுச்சுன்னு பாத்தா, அந்தத் தூசியும் கூடவே போயி, அதே நாலுக்கு நடுவுல உக்காந்திருக்கு!